கேப்டன் பிக்கார்டை அப்பா என்று சொன்னால் சிரிக்கிறார்கள்

வாசகர் கேள்வி, மார்ச் 3

எனக்கு ஒன்பது வயதில் அப்பா வீட்டைவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. எது சரி, எது தப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற டிவி தொடரில் விண்கலம் ஒன்றின் தலைவராக வரும் கேப்டன் பிக்கார்ட்தான். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள், மனைவி பாவமாகப் பார்க்கிறாள். யாரோ எழுதி யாரோ நடித்த ஒரு ஆளால் ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா, முடியாதா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 10.40

சிரிக்க இதில் ஒன்றுமில்லை. எனக்கும் அவர்தான். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். அவர் குரல் நினைவில் இல்லை, இருமல் மட்டும் நினைவிருக்கிறது. பிக்கார்டின் குரல் இப்போது கண்ணை மூடினாலும் கேட்கும்.

அவரிடம் என்ன கற்றுக்கொண்டேன் என்று யோசித்தால் முதலில் வருவது வசனம் எதுவும் இல்லை, அந்த ஆலோசனை அறைதான். கப்பலுக்கு ஆபத்து, நேரமே இல்லை, ஆனாலும் மனிதர் எல்லாரையும் மேசையைச் சுற்றி உட்கார வைப்பார், ஒவ்வொருவரையும் கேட்பார், தனக்குப் பிடிக்காததைச் சொல்கிறவரையும் முழுசாகப் பேசவிடுவார், அப்புறம் ஒரு முடிவு சொல்வார், அது தப்பாகப் போனால் என் முடிவு என்று தானே ஏற்றுக்கொள்வார். எழுந்திருக்கும்போது சட்டையின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். மூன்றாவது சீசனில் இரண்டு துண்டுச் சீருடை வந்த பிறகுதான் இந்தப் பழக்கம். பதிமூன்று வயதில் நான் வகுப்பில் பதில் சொல்ல எழும்போதெல்லாம் அதேபோல் இழுத்துவிட்டுக்கொண்டுதான் எழுவேன். எங்கள் வீட்டில் முடிவுகள் எல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் எடுக்கப்பட்டன. பெரியவர் ஒருவர் யோசித்து முடிவெடுப்பதை நான் கண்ணால் பார்த்தது அந்தப் பெட்டியில்தான்.

ஆனால் நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் அவரால் முடியாது, உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. நான்காவது சீசனில் ஒரு கதை வரும். முன்பு பிக்கார்டின் கப்பலில் இருந்து, இப்போது விண்வெளிப் படை அகாடமியில் படிக்கும் வெஸ்லி என்ற பையனும் அவன் குழுவும் விண்கலப் பயிற்சியில் தடைசெய்யப்பட்ட ஒரு சாகசத்தைச் செய்யப்போய் ஜோஷுவா ஆல்பர்ட் என்ற மாணவன் இறந்துவிடுகிறான். விசாரணையில் எல்லாரும் சேர்ந்து உண்மையை மறைக்கிறார்கள், பழி இறந்தவன்மேல் விழுகிறது. பிக்கார்ட் வெஸ்லியைத் தன் அறைக்கு அழைக்கிறார். நடந்தது இதுதான் என்று தான் கண்டுபிடித்ததை வரிசையாகச் சொல்கிறார். நீயாகப் போய்ச் சொல்கிறாயா, இல்லை நான் சொல்லட்டுமா என்கிறார். எதிரே நின்று இப்படிக் கேட்கிற ஆள்தான் அப்பா. அவர் வெஸ்லியைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஆகவே என் பதில்: கொள்கை சொல்லித்தர அவரால் முடியும், திருத்த முடியாது.

மார்ச் 5, காலை 7.15

திருத்தம். அது ஐந்தாவது சீசன். 1992 மார்ச் 30 அன்று ஒளிபரப்பான 'தி ஃபர்ஸ்ட் டூட்டி'. வெஸ்லி கப்பலைவிட்டுப் போகும் 1990 கதையோடு குழப்பிக்கொண்டேன். அதில் இருவரும் பாலைவனத்தில் மாட்டிக்கொள்வார்கள், பாறை விழுந்து அடிபட்டுப் பிக்கார்ட் ஒரு குகைக்குள் கிடப்பார், பையன்தான் அவரைக் காப்பாற்றி வைத்திருப்பான். அங்கே படுத்தபடியே பூத்பி என்ற ஒருவரைப் பற்றி அவனிடம் சொல்வார். அகாடமியின் தோட்டக்காரர் அவர், அங்கே போனதும் அவரைத் தேடிப் பார் என்று சொல்வார். பிக்கார்டின் சொந்த அப்பாவுக்கோ மகன் விண்வெளிப் படைக்குப் போனதில் விருப்பமே இல்லை. அப்பாவின் இடத்தில் நாம் வைத்திருக்கும் ஆளுக்கும் அந்த இடத்தில் வைக்க ஒருவர் வேண்டியிருந்திருக்கிறது, அவர் செடிகொடி பார்த்துக்கொள்கிறவர்.

மார்ச் 5, இரவு 11.05

பிக்கார்டுக்குக் குழந்தைகளே பிடிக்காதே, அவரைப் போய் எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். 1987இல் வந்த முதல் கதையிலேயே தன் துணைத் தளபதியைக் கூப்பிட்டு, எனக்குக் குழந்தைகளோடு பழக வராது, நான் முட்டாளாகத் தெரியாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான் என்று நினைக்கிறேன். அப்பா இல்லாத பையனிடம் எல்லாரும் வலிய வந்து கொஞ்சுவார்கள், தலையைத் தடவுவார்கள், குரலை மாற்றிக்கொண்டு பேசுவார்கள். அந்தக் குரல் மாற்றம் எனக்கு அறவே பிடிக்காது. பிக்கார்ட் யாரிடமும் குரலை மாற்ற மாட்டார். பன்னிரண்டு வயதுப் பையனிடமும் தூதரிடம் பேசுவது போலவே பேசுவார்.

அவராக நடித்த பேட்ரிக் ஸ்டீவர்ட்டின் சொந்தக் கதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் சார்ஜென்ட் மேஜர். போர் முடிந்து வீடு திரும்பியவர் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவராக இருந்தார். அப்பா எப்போது கை ஓங்குவார் என்று காலடிச் சத்தத்தை வைத்தே கணித்துக்கொண்டு வளர்ந்த பையன் அவர். இதை ஸ்டீவர்ட் பல மேடைகளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். 2012இல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காகக் குடும்ப வரலாற்றைத் தேடியபோதுதான் அப்பாவுக்குப் போரில் மன அதிர்ச்சி ஏற்பட்டு, கடைசிவரை சிகிச்சையே இல்லாமல் இருந்தது அவருக்குத் தெரிந்தது. அம்மாவை நினைத்துப் பெண்களுக்கான பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கும், அப்பாவை நினைத்து மனம் உடைந்த படைவீரர்களுக்கான அமைப்பு ஒன்றுக்கும் தொடர்ந்து உழைக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து, அந்த ஆலோசனை மேசையில் அவர் குரலை உயர்த்தாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. நமக்குக் கிடைத்த அப்பா அவருக்குக் கிடைக்காத அப்பா.

மார்ச் 7, இரவு 9.50

அங்கிள் ஃபில்லை விட்டுவிட்டீர்களே என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். விடவில்லை, அவருக்குத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

'ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' தொடரில் 1994 மே மாதம் வந்த கதை. வில் என்ற பையன் உறவினர் ஃபில்லின் வீட்டில் வளர்கிறான். பதினான்கு வருஷத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன அப்பா லூ திரும்பி வருகிறார், மகனைத் தன்னோடு ஊர் ஊராகக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார், கடைசி நேரத்தில் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு மறுபடியும் கிளம்பிவிடுகிறார். வில் முதலில் எனக்கு ஒன்றுமில்லை என்கிறான். அவர் இல்லாமலேயே பந்து போடக் கற்றேன், சவரம் செய்யக் கற்றேன், கார் ஓட்டக் கற்றேன், இனியும் அவர் வேண்டாம் என்று குரல் ஏற ஏறச் சொல்லிக்கொண்டே போகிறான். அப்புறம் உடைந்து, ஏன் என்னை வேண்டாமென்கிறார் என்று கேட்கிறான்.

அந்த இடத்தில் ஃபில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் நீதிபதி, வாயாடி, எல்லாவற்றுக்கும் ஒரு சொற்பொழிவு வைத்திருப்பவர். இங்கே பதிலே சொல்லவில்லை. பையனை இழுத்து அணைத்துக்கொள்கிறார், தொப்பி கீழே விழுகிறது, அவ்வளவுதான். அப்பாவுக்குக் கொடுக்க வில் வாங்கி வைத்திருந்த சிலைமேல் கேமரா போய் நிற்கிறது, ஒரு தகப்பனும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் சிலை. இருபது முறையாவது பார்த்திருப்பேன், ஒவ்வொரு முறையும் அந்தச் சிலை வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு வதந்தியையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். அது வில்லாக நடித்த வில் ஸ்மித்தின் சொந்த வாழ்க்கை, அதனால்தான் நிஜமாகவே அழுதுவிட்டார் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இல்லை. அவருடைய அப்பா அவர் வாழ்க்கையில் இருந்தவர். அது நடிப்பு, எதிரில் ஃபில்லாக ஜேம்ஸ் ஏவரி இருந்ததால் அப்படி வந்த நடிப்பு. ஏவரி 2013 டிசம்பர் 31 அன்று இறந்தபோது, அவரை நேரில் பார்த்தே இராத எத்தனையோ பேர் அப்பா போய்விட்டார் என்று எழுதினார்கள். நானும் எழுதினேன். மிகையாக எழுதிவிட்டேன் என்று இன்றைக்கும் தோன்றவில்லை.

மார்ச் 8, மதியம் 1.30

அப்படியானால் ஹக்ஸ்டபிள்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 1984 முதல் 1992 வரை ஒரு தலைமுறைக்கே டிவி அப்பா என்றால் 'தி காஸ்பி ஷோ'வின் கிளிஃப் ஹக்ஸ்டபிள்தான். அவராக நடித்த பில் காஸ்பிமேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள். 2018இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது, 2021இல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கு தொடுத்த முறையைக் காரணம் காட்டித் தண்டனையை ரத்து செய்தது.

பாத்திரம் வேறு, நடிகர் வேறு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த ஒரு நண்பன் இருக்கிறான், அவனுக்கும் அப்பா இல்லை. தீர்ப்பு வந்த அன்று பேசினோம். அந்தத் தொடரில் மகன் பரீட்சையில் கோட்டைவிட்டு வந்தால் ஹக்ஸ்டபிள் எப்படி உட்கார வைத்துப் பேசுவாரோ அப்படித்தான் என் பையனிடம் நான் பேசுகிறேன், இனிமேல் எப்படிப் பேசுவேன் என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியே பேசு என்றுதான் சொன்னேன். அந்தப் பேச்சு அந்த நடிகரின் சொத்து இல்லை, எத்தனையோ பேர் சேர்ந்து எழுதியது, உன் பையனிடம் வந்து சேரும்போது அது உன்னுடையது என்றேன். சொல்லும்போது சரியாகப் பட்டது. ஆனால் புகார் சொன்ன பெண்களில் ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று அன்று இரவு தோன்றியது. இன்னும் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது.

மார்ச் 8, மதியம் 1.42

மேலே எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 10, இரவு 10.20

படித்தவர் ஒருவர் இதற்கெல்லாம் ஆய்வு உண்டா என்கிறார். உண்டு. 1956இலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் மனநல இதழ் ஒன்றில் எழுதினார்கள். வானொலியிலும் டிவியிலும் வருகிறவரோடு பார்ப்பவருக்கு உண்டாகும் ஒருபக்க உறவுக்குப் பெயர் வைத்தது அவர்கள்தான். இந்தப் பக்கம் நெருக்கம், அந்தப் பக்கம் நீ இருப்பதே தெரியாது. பிறகு ஆல்பர்ட் பண்டூரா 1963இல் செய்த சோதனை: பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைப் போட்டு அடிப்பதை நேரில் பார்த்த குழந்தைகளைப் போலவே படத்தில் பார்த்த குழந்தைகளும் போய் அடித்தார்கள்.

அடிப்பது திரையிலிருந்து ஒட்டிக்கொள்ளும் என்றால் பொறுமையும் ஒட்டிக்கொள்ளாதா என்று எழுத ஆரம்பித்தேன். கொஞ்சம் நிதானிக்கிறேன். அந்தக் குழந்தைகள் அடித்தது படம் பார்த்த கையோடு. பிள்ளை வளர்வது வருஷக்கணக்கில். அதை இதற்குச் சாட்சியாக இழுக்கக் கூடாது.

மார்ச் 11, இரவு 9.30

இன்று என் மகள், ஏழு வயது, "பாண்டிட் அப்புறம்னு சொல்லவே மாட்டார்" என்றாள். 'ப்ளூயி' பார்ப்பவர்களுக்குத் தெரியும். 2018இலிருந்து வரும் கார்ட்டூன், நாய்க் குடும்பம், பாண்டிட்தான் அப்பா. குழந்தைகள் எந்த விளையாட்டுக்குக் கூப்பிட்டாலும் தரையில் விழுந்து புரண்டு விளையாடுகிறவர். நான் கையில் வேலையோடு "அப்புறம் வரேன்மா" என்றிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கதை ஏழு நிமிஷம், மிச்சம் இருக்கும் நாள் முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று யார் காட்டுகிறார்கள் என்று மனசுக்குள் வாதம் பண்ணிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. இதையேதான் நான் என் அம்மாவுக்குச் செய்தேன்.

முதல் குறிப்பில் எங்கள் வீட்டு முடிவுகள் மூடிய கதவுக்குப் பின்னால் எடுக்கப்பட்டன என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது அம்மா ஒருத்தி மட்டும்தான். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போடுவாள், அடிப்பாள், மறுபடியும் போடுவாள். கதவுக்குக் கீழே வெளிச்சக் கோடு தெரியும், பென்சில் நின்று நின்று ஓடும் சத்தம் கேட்கும். கூப்பிட்டுக் கேட்க அவளுக்கு அந்த வீட்டில் எட்டு வயதுப் பையன் ஒருவனைத் தவிர யாருமில்லை. பிக்கார்ட் மாதிரி எல்லாரையும் உட்கார வைத்துப் பேசமாட்டேன்கிறாளே என்று பதினாலு வயதில் அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவள் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட முயற்சி செய்தாள், "யார்டா அந்த பிக்கர்?" என்று.

பெரியவர் யோசிப்பதைப் பெட்டியில்தான் பார்த்தேன் என்று எழுதியது தப்பு. கேட்டிருக்கிறேன், எத்தனையோ இரவு.

மார்ச் 11, இரவு 9.55

மகளோடு போய் விளையாடிவிட்டு வந்தேன். ஆனால் ஒன்று, பாண்டிட்டும் களைத்துப்போய்த் தரையில் மல்லாந்து கிடப்பார். அதை அவளிடமும் காட்டிவிட்டேன்.

மார்ச் 12, காலை 8.00

வால்டர் வொயிட்டைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 'பிரேக்கிங் பேட்' 2008 முதல் 2013 வரை ஓடியது. எல்லாம் குடும்பத்துக்காக என்று ஐந்து சீசனும் சொல்லிக்கொண்டே போதைமருந்து காய்ச்சிய அப்பா, கடைசிக் கதையில்தான் மனைவியிடம், எனக்காகத்தான் செய்தேன், பிடித்துத்தான் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறார். அவரைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம். உனக்காகத்தான் செய்தேன் என்று மகளிடம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆள் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 13, இரவு 10.45

சிஸ்கோவைப் பற்றி எழுதாமல் இந்த இழை நிறைவாகாது. 'டீப் ஸ்பேஸ் நைன்', இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர், 1993 முதல் 1999 வரை. பெஞ்சமின் சிஸ்கோ மனைவியை இழந்தவர், மகன் ஜேக்கைத் தனியாக வளர்ப்பவர். வயது வந்த மகனையும் அணைத்து முத்தம் கொடுப்பார். பதின்வயதுப் பையனை அப்பா இப்படித் தொட்டுப் பேசுவதை அதற்கு முன் நான் டிவியில் பார்த்ததில்லை.

1995இல் 'தி விசிட்டர்' என்று ஒரு கதை. விபத்தில் சிஸ்கோ காலத்துக்கு வெளியே தூக்கி எறியப்படுகிறார், சில வருஷத்துக்கு ஒருமுறை சில நிமிஷம் மட்டும் மகன் முன்னால் வந்து தோன்றுவார். அவருக்கு ஒரு நொடிதான் ஆகியிருக்கும், மகனுக்கு வருஷங்கள் ஓடியிருக்கும். மகன் எழுத்தை விட்டுவிட்டு அப்பாவை மீட்கவே வாழ்நாளைச் செலவழிக்கிறான். அப்பா வந்து பார்த்துப் பதறுகிறார், என்னை விட்டுவிடு, உன் வாழ்க்கையைப் பார் என்கிறார். கடைசியில் கிழவனாகிவிட்ட ஜேக் தன் உயிரைக் கொடுத்து அப்பாவைத் திருப்பி அனுப்புகிறான். அப்பாவை இழந்தவர்கள் தனியாக இருக்கும்போது பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. தொடரின் முடிவில் சிஸ்கோ தன் இரண்டாவது மனைவியைக் கர்ப்பிணியாக விட்டுவிட்டு வேறொரு உலகத்துக்குப் போகிறார். முதலில் படம்பிடித்தபடி, திரும்பி வருவேன் என்ற உறுதி அதில் இல்லை. நடித்த ஏவரி புரூக்ஸ், கறுப்பினத் தகப்பன் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறான் என்ற அதே பழைய சித்திரமாக இது ஆகிவிடும் என்று சொன்னார். காட்சியை மாற்றி எடுத்தார்கள், ஒரு நாள் வருவேன் என்று சிஸ்கோ சொல்வதாக. இருக்கும் வசனத்தைப் பேசிவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எங்கோ உட்கார்ந்து இதைப் பார்க்கப்போகிற, அப்பா விட்டுப்போன ஒரு பிள்ளையை நினைத்திருக்கிறார். முகம் தெரியாத பிள்ளை. ஒருபக்க உறவு என்று 10ஆம் தேதி எழுதினேன், நீ இருப்பதே தெரியாது என்று. அந்த வரியை அவ்வளவு உறுதியாக எழுதியிருக்க வேண்டாம்.

மார்ச் 14, மாலை 6.10

'தி ஃபர்ஸ்ட் டூட்டி' பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதைப் பார்த்ததில்லை.

மார்ச் 14, இரவு 12.20

ஏன் என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

எனக்குப் பதினைந்து வயது. பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு இருக்கும், கீழே ஒரு திருகு, எடை வைக்கும் முன் அதைத் திருப்பித் தண்டைக் கீழே இறக்க வேண்டும். நான் இறக்காமல் எடையை வைத்தேன். தண்டு ஒரு பக்கமாகச் சரிந்தது, நடுவில் அது உட்கார்ந்திருக்கும் கல் விளிம்பு உடைந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, நகம் வெட்டும்போது வருமே, அவ்வளவுதான். நான் பெட்டியின் கதவை இறக்கிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த முறை பக்கத்துப் பையனுடையது. அவன் கதவைத் தூக்கி உள்ளே கை வைத்திருந்தபோது ஆசிரியர் வந்தார்.

நான் இல்லை சார், நான் இல்லை சார் என்றான். நான் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கனவே கோடு போட்ட பக்கத்தில். அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள், அவன் அப்பாவை வரவழைத்துப் பணம் கட்டச் சொன்னார்கள். தினமும் சாயங்காலம் சைக்கிளில் வந்து அவனைக் கூட்டிப்போகிற அப்பா. அந்த சைக்கிளைப் பார்த்து எனக்கு எத்தனையோ நாள் ஏக்கமாக இருந்திருக்கிறது.

அடுத்த வருஷம் அந்தக் கதை டிவியில் வந்தது. இறந்த பையனின் அப்பா வெஸ்லியிடம் வந்து, என் மகனால் உங்களுக்குச் சிரமம், மன்னித்துவிடு என்று கேட்பார். அதுவரை பார்த்தேன். பிக்கார்ட் அறைக்குக் கூப்பிட்டு, நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்றதும் டிவியை அணைத்துவிட்டேன். அதற்கு மேல் அந்தக் கதையைப் பார்த்ததில்லை. இப்போது எனக்கு நாற்பத்து மூன்று.

மார்ச் 15, இரவு 11.30

பார்த்துவிட்டேன்.

வெஸ்லி எழுந்து உண்மையைச் சொல்கிறான். குழுத்தலைவன் பழி முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டு வெளியேற்றப்படுகிறான். வெஸ்லிக்கு ஒரு வருஷப் படிப்பு போகிறது, அதே வளாகத்தில், எல்லாருக்கும் தெரிந்த நிலையில் அவன் தொடர வேண்டும். பிக்கார்ட் அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை, இனிமேல்தான் கஷ்டம் என்பது போலத்தான் பேசுகிறார். என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும், உன் பேச்சை நீயே கேட்கும்படி நான் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்கிறார். அது பிக்கார்டின் சொந்தச் சொல்லும் இல்லை. மாணவனாக இருந்தபோது அவரும் ஒரு தப்புச் செய்து மாட்டியிருக்கிறார், அப்போது நேர்வழிக்குத் திருப்பியவர் பூத்பி. அதே கதையில் தோட்டத்தில் நின்றுகொண்டு பூத்பி அவரிடம் சொன்னதைத்தான் வெஸ்லிக்குக் கொடுக்கிறார்.

4ஆம் தேதி எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அவரால் என்னைப் பிடிக்க முடியாது என்றேன். பதினாறு வயதில் நான் எழுந்து போய் டிவியை அணைத்தேனே, பிடிபடாதவன் எதற்கு அணைக்க வேண்டும்?

மார்ச் 17, இரவு 10.15

பழைய வகுப்புத் தோழர்கள் மூலம் அவன் எண் கிடைத்தது. இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு இன்று பேசினேன்.

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தான். "அட விடுடா, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு. வெளியே ரெண்டு மூணு நாள் நின்னிருப்பேன்" என்றான். குடும்பம், வேலை என்று பேச்சு போனது. வைக்கும் முன் அவனே மறுபடியும் ஆரம்பித்தான். "அப்பாதான் கடைசிவரைக்கும் நம்பலை. நான் இல்லைன்னு எத்தனையோ தடவை சொன்னேன். பணத்தைக் கட்டிட்டு வந்தவர், தப்பு பண்ணினதுகூடப் பெரிசில்லை, பொய் சொல்றியே, அதான் தாங்கலைன்னார்."

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். எழுபத்தெட்டு வயது, நன்றாக இருக்கிறார், தன்னோடுதான் இருக்கிறார் என்றான். நான் சொல்லட்டுமா என்று அவன் கேட்கவில்லை. "நீயே வந்து சொல்லேன்" என்றான்.

மார்ச் 23, இரவு 9.40

இன்று போய்வந்தேன்.

கதவைத் திறந்ததே அவன் அப்பாதான். வழியெல்லாம் வசனம் மாதிரி யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. நண்பனின் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும், அந்த ஒரு சொல் வாய்க்கு வரவே நேரமானது. "அப்பா, ஸ்கூல்ல அந்தத் தராசை உடைச்சது நான். உங்க பையன் இல்லை. நான் சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். எந்தத் தராசு என்று கேட்டார். சொன்னேன். திருகு, தண்டு, கல் விளிம்பு, எல்லாம் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டார்.

முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். "எத்தனை நாள்டா வெளியே நின்னே?"

"பதினாறு" என்றான் அவன். யோசிக்கவே இல்லை.

பெரியவர் பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். அவன் போய் உட்கார்ந்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.